டெலிவரி செலவு மட்டும்

முதலில் விரித்துப் போடும் புடவை விற்பதற்கானது அல்ல. இது தெய்வநாயகத்துக்குத் தெரியும், எதிரே வெள்ளை மெத்தையில் கால் மடக்கி உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் மகளுக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் வியாபாரம். வெளியே ரத வீதியில் கார்த்திகை மழை சொட்டிக்கொண்டிருந்தது. கடைக்குள் நனைந்த குடையின் வாடையும் புதுப் பட்டின் மணமும் கலந்து கிடந்தன. புதன்கிழமை, பதினோரு மணி, கூட்டமில்லை. அரக்கு நிறத்தில் உடம்பெல்லாம் ஜரிகை ஓடிய புடவையை அவர் ஒரே வீச்சில் விரித்தார், முந்தானை சரியாக அந்த அம்மாவின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. இருபத்தாறு வருஷத்துக் கை, அரைச் சாண் கூடப் பிசகாது. அந்த அம்மா முதலில் விலைச் சீட்டைத்தான் திருப்பிப் பார்த்தாள், பிறகுதான் கரையைப் பார்த்தாள். சரி, கணக்கு புரிந்துவிட்டது. இதை மடித்து ஓரமாய் வைத்துவிட்டு அடுத்து ஒரு மங்கலான புடவையைப் போட வேண்டும், அதைப் பார்த்து மனசு சுருங்க வேண்டும், சுருங்கின மனசின் முன்னால் மூன்றாவதாக விரிப்பதுதான் புடவை. முக்கூடலிலிருந்து வருகிறார்களாம், மகள் கோமுவுக்குத் தை மாசம் கல்யாணம். இதெல்லாம் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷமே அவர் வாங்கிவிட்ட தகவல். அவர் கேட்டது எதுவுமில்லை, "வாங்கம்மா, மழையில நனைஞ்சிட்டியளே" என்று ஒரு வார்த்தை சொன்னார், மிச்சத்தை அவர்களே சொன்னார்கள். எதிர்ப் பிரிவில் வேட்டிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சேர்மதுரை இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். புதிதாய் வேலைக்குச் சேர்ந்த யாருக்கும் அவன் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு: "நம்ம தெய்வநாயகம் அண்ணாச்சிய மட்டும் எவனாலயும் ஏமாத்த முடியாது." பன்னிரண்டு வருஷமாகச் சொல்கிறான். தெய்வநாயகம் ஒருநாளும் மறுத்ததில்லை. அந்த ஒரு வாக்கியம்தான் அவருடைய சொத்து, பட்டம், சட்டைப்பையில் குத்திக்கொள்ளாத பதக்கம் எல்லாம். பத்தொன்பது நாளாக அந்த வாக்கியம் பொய். பொய் என்று இந்தக் கடையில் அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

இவ்வளவு தெரிந்தவர் எப்படி விழுந்தார் என்று யாராவது கேட்டால் அதற்குப் பதில் இருக்கிறது, அதுதான் சொல்ல வெட்கமான பதில். ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டார். சும்மா தருகிறேன் என்று ஃபோனில் எத்தனை வந்திருக்கும், ரீசார்ஜ் சும்மா, செருப்பு சும்மா, சைக்கிள் சும்மா, எல்லாவற்றையும் ஒரு இளக்காரச் சிரிப்போடு தள்ளிவிட்டவர்தான். சும்மா என்று உலகத்தில் எதுவும் கிடையாது என்பதை அவரைவிட யார் சொல்ல முடியும்? இந்தக் கடையில் ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம் என்று ஆடி மாசம் எழுதித் தொங்கவிடும் பலகைக்குப் பின்னால் முந்தின வாரமே விலைச் சீட்டு மாற்றி ஒட்டுகிற கை அவருடையது. ஆனால் அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வந்தது வேறு மாதிரி. ஏதோ ஆன்லைன் கடையின் பத்தாம் ஆண்டு விழா, சக்கரத்தைச் சுற்றுங்கள் என்றது. சுற்றினார், விளையாட்டுக்குத்தான். 'அடடா, மீண்டும் முயலுங்கள்' என்றது. இரண்டாம் தடவை முள் தயங்கித் தயங்கி நகர்ந்து கிரைண்டரில் நின்றது. மேஜை மேல் வைக்கிற சின்ன கிரைண்டர், சிவப்பு. வீட்டில் மனைவி பகவதிக்கு வலது தோள் தூக்க முடியவில்லை, பழைய கிரைண்டரின் கல்லைக் கழற்றும்போதெல்லாம் சத்தமில்லாமல் பல்லைக் கடிப்பாள், அந்தப் பல்கடி அவருக்குப் பக்கத்து அறையிலிருந்தே கேட்கும். அப்போதும் அவர் நம்பவில்லை. சத்தியமாக நம்பவில்லை. கடைசியில் ஒரு வரி வந்தது பாருங்கள், 'பரிசு இலவசம், டெலிவரி செலவு மட்டும் தொண்ணூற்றொன்பது ரூபாய்' என்று, அங்கேதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓகோ, இங்கேதான் வைத்திருக்கிறான் சூட்சுமத்தை! டெலிவரி என்ற பேரில் ஆளுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கி, பத்தாயிரம் பேரிடம் வாங்கி, அதில் பத்து பேருக்குக் கிரைண்டர் கொடுத்தாலும் அவனுக்கு லாபம். பரவாயில்லையே, தொழில் தெரிந்தவன், நம்மைப் போல ஒருத்தன். சும்மா தருகிறேன் என்றவனை நம்பாதவர், காசு கேட்டவனை நம்பினார். கார்டு நம்பரைப் போட்டார், ஃபோனுக்கு வந்த ஆறு இலக்க ஓ.டி.பி. எண்ணையும் போட்டார். தீபாவளி போனஸ் முழுக்கப் போனது. சாப்பாட்டுத் தூக்கில் தயிர்சாதம் பாதி மிச்சம் இருந்தது, அதை அப்படியே மூடிவைத்துவிட்டு வந்து அன்று சாயங்காலத்துக்குள் பதினாலு பட்டு விற்றார். அது வேறு யாராலும் முடியாது.

"இது கொஞ்சம் மங்கலா இருக்கே அண்ணாச்சி" என்றாள் அந்த அம்மா, இரண்டாவது புடவையைத் தடவிப் பார்த்தபடி. "மங்கல்தாம்மா, வயசானவங்க கேட்டு வாங்குற கலரு, ஒங்க கண்ணுக்குக் காட்டணும்னு போட்டேன்" என்றார் வாய், மனசு எங்கேயோ இருந்தது. வாய்க்கு மனசு தேவையில்லை, அது தானாய் ஓடும். மங்கலைக் காட்டி மனசைச் சுருக்குவது. ஏமாந்த மறுநாள் பேங்கில் அந்தக் கண்ணாடி போட்ட பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அது அவர் மண்டையில் உறைத்தது. "சார், முதல் சுத்துல யாருக்குமே விழாது, ரெண்டாவது சுத்துல எல்லாருக்கும் விழும், அப்படித்தான் செஞ்சு வச்சிருப்பாங்க" என்றாள். அட பாவி, மங்கல் புடவை! அது என்னுடைய மங்கல் புடவை அல்லவா! பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அந்தப் பக்கத்தின் மேலே ஓடிக்கொண்டிருந்த கடிகாரம், இன்னும் நான்கு நிமிஷம், இன்னும் மூன்று நிமிஷம் என்று, அது இந்தக் கடை வாசலில் மூன்று வருஷமாகத் தொங்கும் 'இன்று மட்டும்' பலகை. கீழே பத்து பேர் 'எனக்குக் கிடைத்தது, நன்றி' என்று படத்தோடு எழுதியிருந்தார்களே, அது சேர்மதுரை. ஆமாம், சேர்மதுரையேதான். வாங்க வந்தவர்கள் ஒரு புடவையில் மனசு வைத்துவிட்டு ஊசலாடும்போது தெய்வநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், அதுதான் சைகை, உடனே அவன் அங்கிருந்து எழுந்து வந்து, எந்தக் கலர் விரிந்திருக்கிறதோ அதைச் சொல்லி, "அண்ணாச்சி, அந்த மாம்பழக் கலர் இருக்கா, மேல ஒரு பார்ட்டி கேக்காவ" என்பான். மேல் மாடியில் அப்படி எந்தப் பார்ட்டியும் இருக்காது. ஊசலாடினவர்கள் புடவையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு வருஷமாகத் தப்பினதில்லை. தன்னுடைய வித்தை ஒவ்வொன்றையும் எவனோ முகம் தெரியாதவன் எடுத்துத் தன் மேலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறான், அதுகூடப் பரவாயில்லை, கொஞ்சம் நன்றாகவே போட்டிருக்கிறான். பணம் போனதைவிட அதுதான் குத்தியது. பேங்குப் பெண் சொன்னதையெல்லாம் அவர் ஒரு வார்த்தை விடாமல் மண்டையில் ஏற்றிக்கொண்டார். லிங்கைத் தொடாதே, கடைப் பேரை நீயே தேடிப் போய்ப் பார், மேலே இருக்கும் முகவரியை எழுத்து எழுத்தாகப் படி, உனக்குத் தருகிறவன் உன்னிடம் ஆறு எண் கேட்க மாட்டான், அவசரப்படுத்தினால் ஃபோனைக் கீழே வை. கற்றுக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர். இந்தப் பத்தொன்பது நாளில் அப்படி வந்தவற்றை எடுத்துவைத்து, எது எங்கே வலை விரிக்கிறது என்று புடவைக்குப் பொத்தல் பார்ப்பதுபோலப் பார்த்துப் பழகிவிட்டார். இப்போது உண்மையாகவே எவனாலும் ஏமாற்ற முடியாது. ஆனால் அந்த 'இப்போது' என்ற சொல்லை யாரிடம் சொல்ல?

பகவதியிடமே சொல்லவில்லை. அவளிடம் சொல்லாததுதான் ராத்திரியும் பகலும் உள்ளே உறுத்துவது. அன்றைக்குக் கார்டு நம்பரைப் போடுவதற்கு முன்னாலேயே அவளுக்கு ஃபோன் போட்டு, "ஒரு சாமான் வருது, அடுக்களையில எடம் பண்ணி வையி" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தார். என்ன சாமான் என்று அவள் கேட்டதற்கு, வரும்போது பார் என்றார். ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அடுக்களை மேடையில் ஜன்னலோரம் இருந்த டப்பாக்களையெல்லாம் ஒதுக்கி, துடைத்து, ஒரு பழைய நாளிதழ் விரித்து வைத்திருந்தாள். சரியாக ஒரு கிரைண்டர் உட்காரும் இடம். பெண்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு வாரம் அந்த நாளிதழ் அப்படியே கிடந்தது. அவர் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அதே செய்தியைப் படித்தார், எங்கேயோ ஒரு பாலம் திறந்தார்கள். இரண்டாம் வாரம் அவள் நாளிதழை மாற்றினாள். ஒன்றும் கேட்கவில்லை. நேற்றுக் காலையில் பார்த்தால் அங்கே உப்பு ஜாடி இருந்தது. அவ்வளவுதான், அந்த இடத்தின் நடுவில் ஒரு பீங்கான் ஜாடி, நாளிதழ் இல்லை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம், உப்பு ஜாடியிடம் என்ன பேசுவது? அதைப் பார்த்தபடி நின்றபோது, 'சாமான் என்னாச்சு' என்று கேட்டால் அவர் முகம் எப்படிப் போகும் என்று அவள் முன்னாலேயே நினைத்துப் பார்த்து, கேட்காமல் ஜாடியை வைத்திருக்கிறாள் என்று புரிந்தது. அவர் கர்வத்துக்கு அவள் காவல் இருந்திருக்கிறாள். அது அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது, ஆனாலும் காப்பியைக் குடித்துவிட்டுக் கடைக்கு வந்துவிட்டார்.

மூன்றாவது புடவை விரிந்தது. மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சைக் கரை, முந்தானையில் மட்டும் ஜரிகை. கோமு மூச்சை உள்ளே இழுத்தது அவர் காதில் விழுந்தது, அந்தச் சத்தத்துக்காகத்தான் இந்த மெத்தையில் இருபத்தாறு வருஷம். அம்மாவின் விரல் விலைச் சீட்டுக்குப் போனது, நின்றது, சீட்டை விட்டுவிட்டுக் கரையைத் தொட்டது. முடிந்தது. இன்னும் ஒரு தள்ளுத்தான் வேண்டும், இந்தப் புடவைக்குக் கைப்பை ஒன்று இலவசம் என்ற தள்ளு. அலமாரியிலிருந்து அந்தப் பளபளப்புப் பையை எடுத்து மெத்தையில் வைத்தார், "இது ஃப்ரீம்மா" என்றார். அப்போதுதான் கோமுவின் ஃபோனில் மெசேஜ் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தவள் முகம் மலர்ந்தது. "எம்மா, சித்தி அனுப்பியிருக்கா, சக்கரம் சுத்தச் சொல்லுது" என்றாள். தெய்வநாயகத்தின் கை பையின் மேலேயே நின்றுவிட்டது. "போச்சு, விழல... இன்னொரு தடவை இருக்கு... எம்மா! ஃப்ரிட்ஜுமா! ஃப்ரிட்ஜு விழுந்திருக்கு!" அந்த அம்மா புடவையை மறந்து மகளின் தோளோடு ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "நெசமாவா? சீருக்கு ஃப்ரிட்ஜு வேணும்னு மாப்ள வீட்டுக்காரவுக ஒத்தக் கால்ல நிக்காவளே, நா என்ன செய்யன்னு தெரியாம முழிச்சிட்டுல்லா கெடந்தேன்" என்றவள் கண் நிறைந்துவிட்டது. அவள் கை தானாகத் தன் மடியில் இருந்த மஞ்சள் பையைத் திறந்தது. உள்ளே ஒரு பர்ஸ், பர்ஸுக்குள் கார்டு. புடவைக்குத் தேய்க்கக் கொண்டுவந்த கார்டு, கல்யாணத்துக்குச் சேர்த்தது எல்லாம் அதில்தான் இருக்கும், வேறு எங்கே இருக்கும்.

"அதெல்லாம் ஏமாத்து வேலைம்மா, தொடாதிய" என்றார் அவர். எத்தனை வருஷமாகச் சொல்லிப் பழகின குரல், மேலே இருந்து இறங்கி வருகிற குரல், எல்லாம் தெரிந்தவர் குரல். கோமு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "நீங்க கடக்காரவுக, அப்படித்தான் சொல்லுவிய. ஊரெல்லாம் ஃப்ரீயா குடுத்தா ஒங்க யாவாரம் என்னாவும்?" என்றாள். அது சரிதானே, அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அப்படிச் சொன்னால் வேறென்ன தோன்றும், கையில் வேறு இலவசப் பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "அப்படி இல்லம்மா, இந்த மாதிரி நெறைய நடக்குது, பேப்பர்ல வருது" என்றார். "பேப்பர்ல வாரது ஒண்ணுந்தெரியாதவங்களுக்கு அண்ணாச்சி. நா காலேஜு முடிச்சவ. சும்மா தாரேன்னா நானும் நம்ப மாட்டேன். இவன் டெலிவரி செலவு கேக்கான் பாருங்க, அதுல அவனுக்கு லாபம் இருக்கும்லா, அதாம் நம்பலாம்." அவருடைய வாக்கியம். எழுத்துக்கு எழுத்து அவருடையது, அந்தச் சிவப்புக் கிரைண்டரின் முன்னால் தயிர்சாதத்தோடு உட்கார்ந்து பெருமைப்பட்ட அதே வாக்கியம், ஒரு கல்யாணப் பெண்ணின் வாயிலிருந்து அதே பெருமையோடு வருகிறது. ஃபோனில் கடிகாரம் ஓடியது, மூன்று நிமிஷம் சொச்சம். சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது, தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தர் ஏமாந்தார் என்று சொல்லலாமா? நம்ப மாட்டாள், அவரே நம்ப மாட்டார். சும்மா இருந்தால்? யாருக்கும் தெரியாது. புடவை விற்காமல் போகலாம், அவ்வளவுதான், நாளைக்கு வேறு ஆள் வரும். அந்த அம்மா கார்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நம்பரை முணுமுணுத்துக் காட்டுகிறாள், மகள் தட்டுகிறாள். வியர்த்துக் கொட்டியது, கண்ணாடி மங்கியது. கழற்றித் துடைத்தார். கழற்றின உடனே தெரிந்தது என்ன செய்துவிட்டோம் என்று. சேர்மதுரை வேட்டிக் கட்டை வைத்துவிட்டு எழுந்து, கச்சிதமாக வந்து நின்று, தன் வரியைச் சொன்னான்: "அண்ணாச்சி, அந்த மாம்பழக் கலர் இருக்கா, மேல ஒரு பார்ட்டி கேக்காவ."

"மேல யாரும் இல்ல" என்றார் தெய்வநாயகம். சேர்மதுரைக்குப் புரியவில்லை, பன்னிரண்டு வருஷத்தில் இந்தப் பதில் வந்ததில்லை. அவனைப் பார்க்காமல் அவர் மெத்தையில் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் வந்து, முந்தானையின் மேலேயே கை வைத்து அழுத்தி, கோமுவின் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "தாயி, நா ஏமாந்துட்டேன். வேற யாரும் இல்ல, நாந்தாம். பத்தொம்பது நாளாச்சி. எனக்குக் கிரைண்டரு விழுந்துச்சி. மொத சுத்துல விழாது, ரெண்டாவதுல விழும், ஒங்களுக்கும் அப்படித்தான விழுந்துச்சி? எனக்கும் டெலிவரி செலவுதான் கேட்டான். அவனுக்கு லாபம் இருக்கு, அதனால நம்பலாம்னு நானும் நெனச்சேன், இப்ப நீங்க சொன்னிய பாத்தியளா, அதே மாதிரி. அடுத்து ஆறு நம்பர் வரும், அதக் கேப்பான். குடுத்தா கார்டுல இருக்கது பூராவும் போயிரும். எனக்கு போனஸ் பூராவும் போயிட்டு. வீட்டுல கூடச் சொல்லல." குரல் நடுங்கவில்லை, அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. புடவை விற்கும் அதே குரல்தான், அடிவயிற்றிலிருந்து வருகிற, பார்ட்டியை எழுந்து போகவிடாத குரல், அது முதல் தடவையாக ஒரு நிஜத்தை விற்றது. கோமுவின் ஃபோன் இன்னொரு முறை மணி அடித்தது. ஆறு எண். அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது, வந்து, மறுபடி ஐந்து நிமிஷத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. அதை முதலில் பார்த்தது அந்த அம்மாதான். "ஏட்டி, முடிஞ்சிட்டுன்னுல்லா நெனச்சேன், திரும்பவும் மொதல்லயிருந்து ஓடுது?" என்றாள், கார்டைப் பர்ஸுக்குள் போட்டு, பர்ஸை மஞ்சள் பைக்குள் போட்டு, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கோமு அந்தப் பக்கத்தை மூடினாள். "சித்திக்கும் சொல்லிருதேன்" என்றாள்.

சேர்மதுரை வாயைப் பிளந்தபடி நின்றான். "அண்ணாச்சி, நீங்களா?" என்றான். "நாந்தாம். இனிமே புதுசா வாரவன்கிட்ட அதச் சொல்லாத. எப்படி ஏமாந்தேன்னு கேட்டா, அத நானே சொல்லித் தாரேன்" என்றார், சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது. என்ன இது, பட்டம் போன இடத்தில் வலிக்க வேண்டும் அல்லவா, வலிக்கவில்லையே. அந்த அம்மா இதற்குள் தெளிந்துவிட்டாள், முக்கூடல்காரி, சும்மாவா. மெத்தையில் கிடந்த பளபளப்புப் பையை ஒரு விரலால் தள்ளிக் காட்டி, "அப்ப இந்தப் பை?" என்றாள். இந்தக் கேள்வியை இருபத்தாறு வருஷமாக யாரும் கேட்டதில்லை. முதலாளி கல்லாவில் இருந்தார், காது கேட்கும் தூரம்தான். "அதுவும் ஃப்ரீ இல்லம்மா, புடவை வெலையில சேத்திருக்கு" என்றார் தெய்வநாயகம், சத்தமாகவே. "அப்பப் பை வேண்டாம், அதக் கழிச்சிப் போடுங்க" என்றாள் அவள். கோமு சிரித்துவிட்டாள், சேர்மதுரையும் சிரித்தான், கல்லாவிலிருந்து முதலாளி திரும்பிப் பார்த்தார். "கழிச்சிப் போடுதேன்" என்றார் அவர், முதலாளியைப் பார்த்தபடியே.

மாம்பழ மஞ்சளை மடித்தார். நான்காக, எட்டாக, கரை வெளியே தெரிய, ஓரம் ஓரத்தோடு சேர. சீட்டில் பையின் விலையைக் கழித்துக் கையெழுத்துப் போட்டார், அந்தக் கையெழுத்து என்றைக்கும்விடப் பெரிதாக வந்தது. எழுந்து போகும்போது அந்த அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி, "அண்ணாச்சி, மொதல்ல வீட்டுல சொல்லுங்க" என்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் முன்னால் எடுக்கக்கூடாது என்று விதி இருக்கும் ஃபோனை மெத்தையில் உட்கார்ந்தபடியே எடுத்தார். இரண்டாவது மணியிலேயே பகவதி எடுத்துவிட்டாள், இந்த நேரத்தில் அவர் கூப்பிடுவதில்லை என்பதால் அவள் குரலில் பயம் இருந்தது. "ஒண்ணுமில்ல" என்றார். "அந்தச் சாமான் வராது பகவதி. நா ஏமாந்துட்டேன். வந்து வெவரமாச் சொல்லுதேன். உப்பு ஜாடி அங்கேயே இருக்கட்டும்." அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள், "சரி, மழை பெய்யுது, தூக்குல சோத்த மிச்சம் வைக்காம சாப்பிடுங்க" என்றாள்.